மூச்சண்ணன் தள்ளி வைத்த பரீட்சை

எமனுக்கு அடுத்தபடியாகப் பலாங்கொடை வட்டாரத்தில் அதிகம் பேருடைய மூச்சை நிறுத்தியவர் எங்கள் மூச்சண்ணன்தான். ஒரே வித்தியாசம், எமன் திருப்பித் தருவதில்லை. மூச்சண்ணன் "இப்ப விடுங்க" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சிறிய தனியார் மருத்துவ நிலையத்தில் அவர் எக்ஸ்றே எடுப்பவர். நெஞ்சுப் படம் எடுக்கும்போது "மூச்ச இழுங்க, புடிங்க, விட்டுறாதீங்க!" என்று அவர் போடும் சத்தம் எதிரே வடைக்கடை வரை கேட்கும். நோயாளியோடு சேர்ந்து அவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். எங்களுக்கு அவர் மூச்சண்ணன். சிங்களவர்களுக்கு ஹுஸ்ம மாத்தயா. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அந்த அக்கா புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்.

ஒருமுறை எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை மூச்சுப் பிடிக்கச் சொன்ன நேரம் பார்த்து தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்தால், கங்காணி கண் பிதுங்க, கத்தரிக்காய் நிறத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

"அட, ஏன் இன்னும் விடல?"

"நீங்க விடச் சொல்லலியேங்க!"

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் புது மெஷின் வந்தது. கூடவே ஒரு கட்டளையும் வந்தது. மெஷினைத் தொடுகிறவர் கொழும்பில் நடக்கும் தொடர் பயிற்சிக்குப் போக வேண்டும், புள்ளிகள் சேர்க்க வேண்டும், கடைசியில் செய்முறைப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். தேறாவிட்டால் எக்ஸ்றே அறையை விட்டுவிட்டு, முன் ஜன்னலில் உட்கார்ந்து இலக்கத் துண்டு கொடுக்க வேண்டியதுதான் என்று நிலையத்தின் டொக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த டவுன்ல எங்கிட்ட மூச்சுப் புடிக்காத ஆளு இருக்கா? எனக்கே பாடமா?" என்று கொதித்துக்கொண்டு பஸ் ஏறினார் மூச்சண்ணன். திரும்பி வந்தவர் வேறு ஆள். சபரிமலைக்கு மாலை போட்டவர்களிடம்கூட அப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததில்லை.

முதல் வகுப்பு கதிர்ப் பாதுகாப்பு. மறுநாளே நடைபாதையில் மஞ்சள் கோடு போட்டார். சம்பளம் கொடுக்கிற டொக்டரையே "சேர், கோட்டுக்கு அந்தப் பக்கம்!" என்று விரட்டினார். அடுத்தது, நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லும் வகுப்பு. அந்த வாரம் வரிசை பஸ் நிலையம் வரை நீண்டது. கல்லில் இடித்துக்கொண்டு வந்த ஒரு கிழவி கடைசியில் அழாத குறையாகச் சொன்னார்: "ஐயா, எனக்கு வலிக்கிறது கால் வெரலு. நீங்க கதிரு கிதிருன்னு சூரியன்லருந்து ஆரம்பிக்கிறீங்களே!"

மூன்றாவது வகுப்புதான் ஊரையே கலக்கியது. பெண்களைப் படம் எடுக்கும் முன் கர்ப்பமா என்று கேட்க வேண்டும். மூச்சண்ணன் ஒருவரையும் விடவில்லை. நடைபாதையில் நின்றபடியே, "வயித்துல புள்ள கிள்ள இருக்கா?" என்று வடைக்கடைக் குரலில் கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மருந்தெடுக்க வந்தால் நாத்தனார், பக்கத்து லயத்து வீட்டு அக்கா, அந்த அக்காவின் பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே கூட வரும். அத்தனை பேர் நடுவே யார் உண்மையைச் சொல்வார்கள்? பேரனுக்குக் கல்யாணம் முடித்த ஓர் அம்மா மட்டும் பதில் சொன்னார்: "ஒன் வாயில மண்ணு விழ! இரு, எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாறேன்!"

அதை மூச்சண்ணன் கொழும்பு வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார். தனியாக, மெதுவாகக் கேட்க வேண்டும், பதிலை வெளியே சொல்லக் கூடாது என்று விளக்கி அனுப்பினார்களாம். அதன்பிறகு அறையில் உள்ள எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, ரகசியம் பேசுவது போலக் கேட்கத் தொடங்கினார்.

புள்ளிகள் சேர்ந்தன. ஆனால் முதல் பரீட்சையில் கோட்டை விட்டார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, படுத்திருந்த ஆளிடம் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாராம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. கொழும்பிலிருந்து ஒரு மேடம் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள்.

அந்த மேடம் வந்த அன்றைக்குத்தான் நான் என் மகனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இரண்டு வயது. இருமல் நிற்கவேயில்லை. படம் எடுத்தால் கதிர் பட்டு ஏதாவது ஆகுமோ, எடுக்காவிட்டால் நெஞ்சில் இருப்பது தெரியாமல் போகுமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பயந்துகொண்டு வந்திருந்தேன். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஹரி, மே பபாகென் பட்டங்கன்ன" என்று என் பிள்ளையையே கைகாட்டினார். சரி, இவனிலிருந்து தொடங்குங்கள் என்று அர்த்தம்.

பிள்ளை தனியாக நிற்பானா? யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பெற்றோர்தான் செய்ய வேண்டும், ஊழியர் செய்யக் கூடாது என்பது பயிற்சியில் சொன்ன விதி. நான் கதிரைத் தடுக்கும் ஈயக் கவசத்தைக் கையில் எடுத்துவிட்டேன். மூச்சண்ணன் மேடத்தைக்கூட விடாமல் எல்லோரையும் கோட்டுக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, கேக்கணும். உண்டாகியிருக்கீங்களா?"

"இல்லண்ணே" என்றேன். பிறகு, "இருக்காது" என்றேன். பிறகு, "தெரியலண்ணே" என்றேன்.

நாள் தள்ளித்தான் போயிருந்தது. மகன் இன்னும் தாய்ப்பால் மறக்காததால் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இருந்தேன்.

மூச்சண்ணன் கவசத்தை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். "அப்ப நீங்க வேணாம். வீட்டுக்காரரு எங்க?"

"மரக்கறி வாங்கப் போயிருக்காரு. அண்ணே, ஒங்க பரீட்ச... நான் கவசத்தப் போட்டுக்கிறேனே?"

"தெரியலன்னு சொன்னா இருக்குன்னுதான் அர்த்தம். போங்க வெளிய."

கதவு திறந்தது. மேடம் தாய் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார். வாசலில் டொக்டர், தாதி, பாதி ஊர். மூச்சண்ணன் "ஏக்க கியன்ன பே மெடம்" என்றார். அதைச் சொல்ல முடியாது என்று, பரீட்சிக்க வந்தவரிடமே!

"வெலாவ யனவா" என்றார் மேடம், முகம் இறுகி. நேரம் போகிறது. வெளியே மேடத்தை அடுத்து இரத்தினபுரிக்குக் கூட்டிப் போக வேண்டிய வேன் ஹோர்ன் அடித்தது. மூச்சண்ணனின் முகம் வேர்த்து வழிந்தது. கண் ஒருமுறை முன் ஜன்னல் பக்கம் போய் வந்தது. ஆனாலும் என்னைக் கூப்பிடவில்லை. வாசலுக்கு ஓடி வடைக்கடைக்காரரிடம் கத்தினார், அவர் பஸ் கொண்டக்டரிடம் கத்தினார், கொண்டக்டர் சந்தையைப் பார்த்துக் கத்தினார். பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டதென்று என் வீட்டுக்காரர் ஒரு பூசணிக்காயை அணைத்தபடி ஓடி வந்து சேர்ந்தார்.

பூசணிக்காய் என்னிடம் வந்தது, பிள்ளை அவரிடம் போனான். "மூச்ச இழுங்க! புடிங்க!" பிள்ளை பாட்டுக்கு அழுதான். வீட்டுக்காரர் மூச்சைப் பிடித்தார், மேடம் பிடித்தார், கோட்டுக்கு வெளியே நானும் பிடித்தேன். பிள்ளை அடுத்த அழுகைக்கு மூச்சை இழுத்த கணத்தில் மூச்சண்ணன் பொத்தானை அழுத்தினார்.

"விடுங்க!"

படம் தெளிவாக விழுந்திருந்தது. மேடம் அதைப் பார்த்தார். பிறகு, பூசணிக்காய்க்குப் பின்னால் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறுகிய முகம் மெல்ல இளகியது. "பாஸ்" என்றார்.

மூச்சண்ணன் என்னிடம் ஓடி வந்தார். "தங்கச்சி, படத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாது. டொக்டர்தான் சொல்லணும். பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க." சொல்லும்போதே வாய் காது வரை விரிந்திருந்தது. பிள்ளையின் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று மகனைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி என்னை வெளியே அனுப்ப வைத்தவள் இப்போது பாலர் வகுப்புக்குப் போகிறாள். நான்கூட அவளை நம்பாமல் இருந்த நாளில், அவளையும் ஓர் ஆளாக எண்ணி, தன் பரீட்சையைத் தள்ளி நிற்க வைத்தவர் ஒருவர்தான்.