குதிரைக்கு உடல்தகுதிச் சான்று

தெருவில் குப்பை கொட்டக் கூடாது என்பதைப் பொதுமக்கள் மனதில் பதியவைக்க ஒரு படம் தேவை என்று விழிப்புணர்வுப் பிரிவின் மேலதிகாரி கண்டுபிடித்தார். எல்லா அலுவலகமும் ஏஐ-யில் படம் எடுக்கிறதாம், நாம் மட்டும் பின்தங்கலாமா? படத்தில் ஒரு வெள்ளைக் குதிரை வரவேண்டும் என்றும் சொன்னார். ஏன் குதிரை என்று யாரும் கேட்கவில்லை. மேலதிகாரி சொன்னால் குதிரைதான்.

அந்தப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த வீடியோ எடிட்டருக்கு அது பத்து நிமிஷ வேலை. நாலு வரி தட்டினாள். குதிரை கம்பீரமாக நடந்து வந்தது, குப்பையைப் பார்த்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. பின்னால் நாற்பது பேர் துடைப்பத்தோடு வந்தார்கள். மொத்தம் எட்டு விநாடி. வெள்ளிக்கிழமைக்குள் இதற்கு ஒப்புதல் கிடைத்தால் அவளுடைய ஒப்பந்தம் இன்னொரு வருஷம் நீளும். கிடைக்காவிட்டால் வீட்டில் வேலைக்குப் போகிற ஆளே இல்லை. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், தம்பி படிப்பை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறான்.

ஒப்புதல் தருவது மூன்றாவது மாடி அனுமதிப் பிரிவு. அங்கிருந்த எழுத்தருக்கு எல்லோரும் வைத்த பெயர் முத்திரை. கையில் அது இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

"குதிரையோட உடல்தகுதிச் சான்று எங்கம்மா?"

"சார், அது குதிரையே இல்ல. கம்ப்யூட்டர் போட்டது."

முத்திரை படத்தை நிறுத்தி விரலை வைத்தார். "இது என்ன?"

"குதிரை."

"அதைத்தானே நானும் கேட்டேன்."

விலங்கு தோன்றும் எந்தப் படத்துக்கும் மருத்துவர் சான்று வேண்டும் என்பது விதி. விலங்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அதோடு அவர் நாற்பது பேரையும் எண்ணிப் பார்த்தார். ஒருவர் பாதி வழியில் சுவருக்குள் போயிருந்தார். 'பணியின்போது காணாமல் போனவர்' என்று கோப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

எடிட்டர் கீழே போய், டாக்டர் ஒருவர் குதிரையைச் சோதிக்கும் வீடியோ ஒன்றைச் செய்துகொண்டு வந்தாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. கடைசி விநாடியில் டாக்டர் மட்டும் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டார்.

"குதிரைக்கு உடம்பு சரியில்லையே."

"அவர் ஆட்டல சார், மெஷின் ஆட்டுச்சு."

"யார் ஆட்டினா என்னம்மா, ஆட்டினது பதிவாயிடுச்சு."

குதிரைக்குப் பத்து நாள் ஓய்வு என்று முடிவானது. வெள்ளிக்கிழமைக்கு இருந்ததோ இரண்டே நாள். எடிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு குதிரை ஓய்வெடுக்கும் வீடியோவையும் செய்தாள். வைக்கோலில் குதிரை படுத்திருந்தது. பின்னால் சூரியன் விழுந்து விழுந்து எழுந்தது. முத்திரை விரல்விட்டு எண்ணி, ஒன்பது நாள்தான் தேறுகிறது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி செய்தாள். பதினொன்று வந்தது. ஒரு நாள் கூடுதல் விடுப்புக்குக் குதிரை விளக்கம் தர வேண்டும் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோப்பு மேலதிகாரியிடம் போனது. அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குதிரை வேலை செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது, டாக்டருக்கு இருக்கிறது, காணாமல் போனவருக்குக்கூட இருக்கிறது, நீ வேலை செய்ததற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். எதிரில் நின்றவளிடம்தான் கேட்டார்.

எடிட்டர் கீழே தன் சீட்டுக்குப் போனாள். போய் ஒரே வரி தட்டினாள்: கணினி முன்னால் ஒரு பெண், சுறுசுறுப்பாக. வந்தவள் இவளைவிட நிறம், இவளைவிடச் சிரிப்பு. மேலதிகாரிக்குப் பரம திருப்தி. கோப்போடு வந்து நின்ற முத்திரை குரலைத் தாழ்த்தி, வீட்டில் காட்ட வேண்டும், தன்னையும் சீட்டில் உட்கார்ந்த மாதிரி ஒன்று போட்டுக் கொடு என்றார். போட்டுக் கொடுத்தாள். கைக்கு வருகிற எதையும் கோப்பில் சேர்த்து முத்திரை குத்திவிடுவது அவர் வழக்கம். குத்திவிட்டார்.

திங்கட்கிழமை வாசலில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் மெஷின் எடிட்டருக்குத் திறக்கவில்லை. ஒப்பந்தம் நீண்டிருந்தது, வீடியோவில் இருந்தவளுக்கு. காவலாளி பட்டியலைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிறவங்களை மறுபடி எப்படிம்மா உள்ளே விடுறது என்று நியாயமாகத்தான் கேட்டார்.

எதிர் டீக்கடையில் முத்திரை உட்கார்ந்திருந்தார். கை காலியாக இருந்தது.

"உங்களையுமா சார்?"

"என் நாற்காலியில டிவி ஒண்ணு வெச்சிருக்காங்க. எட்டு விநாடிக்கு ஒருதரம் நான் நிமிர்ந்து பார்க்கிறேனாம்."

உள்ளே போய்விட்டு வந்த பெரியவர் ஒருவரைப் பிடித்து, அனுமதிப் பிரிவில் என்ன சொன்னார்கள் என்று எடிட்டர் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. நிமிர்ந்து பார்த்தார், குனிஞ்சுக்கிட்டார். அப்ப நாளைக்கு வரணும்னு அர்த்தம்" என்றார் அவர், குறையில்லாத முகத்தோடு.

வாசலுக்கு மேலே பெரிய திரையில் அவள் செய்த குதிரைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்றார் முத்திரை. பெரியவரும் நின்று இரண்டு தடவை பார்த்தார். டீ தீர்ந்தது. முத்திரை பேப்பர் கப்பைக் கசக்கித் திரைக்கு அடியில் எறிந்தார். எடிட்டரும் எறிந்தாள்.

மேலே குதிரை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.