தண்ணீர் ஒட்டாத திங்கட்கிழமை

“...அதான்டா கேக்கறேன். எல்லார் மேலயும் தண்ணி ஊறுது, உம்மேல மட்டும் இன்னாத்துக்கு உருண்டு ஓடுது? நீ இன்னா மனுசனா, சேப்பங்கெழங்கு எலையா?”

கேட்டவர் தணிகாசலம் அண்ணன். ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் எங்கள் குரூப் லீடர். கேட்ட இடம் கை கழுவும் குழாயடி. முதுகுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நகரும் லைன் நின்றுபோய் வெகு நேரமாகியிருந்தது. என் வெள்ளை அங்கியின் கைப்பகுதியில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி தரைக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லப்போகும் பதிலில்தான் என் வேலை இருந்தது. ஷிப்டு மொத்தமும் வட்டம் கட்டி என்னையே பார்த்தது. (இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பயத்திலும் மனசின் ஓர் ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?)

பதிலுக்கு நான் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

தனியாக இருக்கிறவனுக்குப் பேச்சுத் துணை மட்டும் கிடைத்துவிட்டால் போதும், அவன் எதை வேண்டுமானாலும் வாங்கிவிடுவான். சாமான் விற்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் மாடியறை. மூன்று பேராகச் சேர்ந்து எடுத்த அறை அது. ஒருவன் கல்யாணமாகிப் போனான். இன்னொருவன் ஓசூரில் வேலை கிடைத்துப் போனான். மூன்று கட்டிலும் எனக்கே மிச்சம். (வாரத்துக்கு ஒரு கட்டிலில் மாறி மாறிப் படுப்பேன். வாழ்க்கையில் ஒரு மாற்றம் வேண்டாமா?) கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் போனில் இருப்பார்கள். உள்ளே போனாலோ தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி, முகத்துக்கு மாஸ்க். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. கூட வேலை பார்த்த பலருக்கு என் மூக்கு எப்படியிருக்கும் என்றே தெரியாது.

கார் இருந்தால் ஆள் சேரும் என்று எனக்கு ஒரு யோசனை. பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினேன். “ஒரு நாள் போலாம்பா”, “அவசியம் போலாம்பா” என்று எல்லாரும் வாய் நிறையச் சொன்னார்கள். அந்த ஒரு நாளைத்தான் எந்தக் காலண்டரிலும் காணோம். எனக்கு லீவு என்றால் அவர்களுக்கு ஷிப்டு. அவர்களுக்கு லீவு என்றால் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை. கடைசியில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நானே தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். பூக்கார அம்மா காரைப் பார்த்துவிட்டு, “வூட்ல யாரும் வர்லியா?” என்றார். “பின்னாடி வர்றாங்க” என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா? திரும்பி வேறு பார்த்தேன்.

அம்மா போனில் சிரித்தாள். “ஏல, காரையும் வாங்கிட்டு ஒத்தையிலயா சுத்துத? பக்கத்து சீட்டுல யாருதான் வாரா?”

“வருவாங்கம்மா.”

“வரட்டும். வர்றவரைக்கும் அந்தச் சீட்டுல தேங்கா மூட்டையவாவது ஏத்து. பாக்க ஆளு இருக்க மாதிரி இருக்கும்லா.”

வரப்போகிறவருக்காகக் காரைப் புதுசு மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது அப்போதுதான். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருந்தார் ஜாஃபர் பாய். மிதியடி வாங்கப் போனவனை உட்கார வைத்து, பெயின்டைப் பாதுகாக்க மூன்று வழி இருப்பதாக விளக்க ஆரம்பித்தார். விளக்கமா அது! கதாகாலட்சேபம்.

“வாக்ஸு இருக்குதே, மெழுகு, அது கல்யாண மாப்ள மேக்கப்பு. அன்னிக்கு ஜோரா இருப்பான். ரெண்டு மழ வந்துச்சுன்னா ஒரிஜினல் மூஞ்சி வெளிய வந்துரும்.”

“செராமிக் ஸ்ப்ரே?”

“அது வூட்டோட மாப்ள. அடிச்சன்னா ஒக்காந்துக்கும், லேசுல போவாது. தண்ணி, தூசி, காக்கா எச்சம், எது வந்தாலும் ‘போய்க்கினே இரு’ன்னு அனுப்பிரும்.”

“ஃபிலிம்?”

“ஃபிலிமு வக்கீலு. அடியெல்லாம் அது வாங்கிக்கும், உன் பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆவாது. ஆனா ஃபீஸ கேட்டியோ, நெஞ்ச புட்ச்சிக்குவ.”

இப்படிப் பேசுகிற மனிதரை விட்டு யாருக்கு எழுந்திருக்க மனசு வரும்? டீயும் வந்தது. அடுத்த வார லீவுக்கும் போனேன். “மெழுகே போதுமோன்னு தோணுது பாய்” என்று ஆரம்பித்தேன். அதற்கடுத்த வாரம் “ஃபிலிமே ஒட்டிரலாமோ?” என்றேன். வெயிலுக்கு எது, மழைக்கு எது, சிவப்புக்கு எது, சிவப்பே வெளுத்துப்போனால் எது என்று கேள்விகளை வாரம் முழுக்கத் தயார் செய்துகொண்டு போவேன். லைனில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே அடுத்த கேள்வியை யோசிப்பேன். முடிவெடுக்கிற மாதிரி பேச்சு நகர்ந்தால் குறுக்கே ஒரு சந்தேகத்தைப் போட்டுவிடுவேன். முடிவெடுத்துவிட்டால் அடுத்த வாரம் எங்கே போவது?

பாய்க்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டல்லவா?

“தம்பி, பொண்ணு பாக்க போறவன்கூட இவ்ளோ ரோசன பண்றதில்ல. இன்னிக்கி எதுனா ஒண்ண எட்துகினு போ. இல்லாங்காட்டி கடைக்கே உன் பேர வெச்சுடறேன், நீயே ஒக்காந்துக்க.”

வெட்கமாகப் போய்விட்டது. செராமிக் ஸ்ப்ரே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் பாட்டில் பக்கத்து சீட்டில் உருண்டுகொண்டே வந்தது. எடுத்து நிற்க வைத்து, சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டேன். (அம்மா சொன்ன தேங்காய் மூட்டைக்கு இது பரவாயில்லை.)

இனி என் அறிவின் உச்சம்.

பெயின்ட் ஷாப்பில் முதல் நாளே மண்டையில் ஏற்றுகிற பாடம் ஒன்று உண்டு: சிலிகான் கலந்த எதுவும் உள்ளே வரக் கூடாது. சென்ட், தலைக்குத் தடவும் கிரீம், கைக்குப் போடும் களிம்பு, எதுவும் கூடாது. எண்ணெய்ப் பசையும் ஆகாது. அது துளி பட்டால் போதும், பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி ஓடி, அம்மைத் தழும்பு மாதிரி வட்டக் குழி விழும். கிரேட்டர் என்போம். இவ்வளவும் எனக்கு அத்துபடி. ஆனால் செராமிக் என்றால் பீங்கான்தானே? பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி, டீ சாஸர், கக்கூஸ் கோப்பை. இதில் சிலிகான் எங்கிருந்து வரும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. பாயிடம் அத்தனை கேள்வி கேட்டவன் இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

அடுத்தது தொழில் சுத்தம். காருக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது என் சட்டையிலிருந்து நூல் பிசிறு ஒன்று விழுந்துவிட்டால்? பெயின்ட் ஷாப்காரன் மானம் என்னாவது? எங்கள் கம்பெனி அங்கியில் ஒரு பிசிறு உதிராது. சனிக்கிழமை அதைச் சட்டைக்குள்ளேயே போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், கேன்டீன் சாப்பாடு ஒடம்புல ஒட்டுது போல?”

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கொட்டகை நிழலில் காரை நிறுத்தி, வெள்ளை அங்கி, தலைக்கு முக்காடு, மாஸ்க் சகிதம் இறங்கினேன். துணி காய வைக்க வந்த வீட்டுக்கார அம்மா பதறிப்போனார். “இன்னா தம்பி, காருக்கு ஆபரேசனா?”

பாதி ஸ்ப்ரே காருக்குப் போயிற்று. மீதி காற்றில் பறந்து எனக்கு வந்தது. துடைத்த துணியை அவ்வப்போது கையிடுக்கிலும் இடுப்பிலும் செருகிக்கொண்டேன். முடிந்தபோது பானெட்டில் என் முகம் தெரிந்தது. வேறு யாரைக் கூப்பிட்டுக் காட்டுவது? நானும் பானெட்டில் தெரிந்தவனுமாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டுக் காரிலேயே வேலைக்குப் போனேன். அங்கியையும் வெளியே வந்த மாதிரியே சட்டைக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோய், அதையே மாட்டிக்கொண்டு நின்றேன். என் இடம் எது தெரியுமா? பெயின்ட் ஏறுவதற்கு முன்னால், வண்டியின் மேல் கடைசியாகத் தூசி துடைத்து அனுப்புகிற இடம். வந்த வண்டி ஒவ்வொன்றையும் அன்போடு துடைத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து சத்தம். கூரையில் குழி, கதவில் குழி, பானெட்டில் குழி. வண்டிகள் அம்மை வார்த்துக்கொண்டு வரிசையாக வந்தன. லைன் நின்றது. எங்கள் எல்லாரையும் வெளியே நிறுத்தி, தணிகாசலம் அண்ணன் ஒவ்வொரு தலையாக மோந்து பார்த்தார். புது மாப்பிள்ளை ஏழுமலையிடம் வந்ததும் நின்றார்.

“இன்னாடா மணக்குது?”

“சத்தியமா சீயக்காண்ணா.”

“மாமியா வூட்டுக்கு போனியா?”

“போனேண்ணா.”

“அங்க எண்ணெ வெச்சி வுட்டாங்களா?”

“தேங்கா எண்ணெதாண்ணா...”

ஏழுமலை கான்ட்ராக்டில் இருந்தவன். முகம் வெளிறிவிட்டது. அந்த எண்ணெய்க்காக அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என்னிடம் வந்தவர் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தார். நான் வாங்கியது வாசனை இல்லாத ரகம். பிறகு, எல்லாரும் முழங்கை வரை கழுவுங்கள் என்று குழாயடிக்கு விரட்டினார்கள். தண்ணீர் என் மேல் பட்டது. பட்டு, உருண்டது. அப்போதுதான் அண்ணன் அந்தச் சேப்பங்கிழங்கு இலைக் கேள்வியைக் கேட்டார்.

“செராமிக்ணே...” என்றேன்.

“இன்னாது?”

சொன்னேன். காரைச் சொன்னேன், அங்கியைச் சொன்னேன், மெழுகு மாப்பிள்ளையையும் ஃபிலிம் வக்கீலையும் சொன்னேன். எத்தனை வாரம் போனாய், ஏன் போனாய் என்று, குழியைப் பார்க்க வந்திருந்த குவாலிட்டி சார் குடைந்தார். “பாய் நல்லாப் பேசுவாரு சார்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “செராமிக் ஸ்ப்ரேவே சிலிகான் சமாசாரம்தான்யா!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஏழுமலை விட்ட மூச்சு மட்டும் குழாய்ச் சத்தத்தை மீறிக் கேட்டது.

என்னை அங்கியைக் கழற்றச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். குழி விழுந்த வண்டிகளையெல்லாம் தேய்த்து, லைனைக் கழுவி முடிப்பதற்குள் முதல் ஷிப்டு பஸ் போய்விட்டது. சாயங்காலம் மற்றவர்களை ஒரு வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அது என்னைக் கடந்து போனபோது ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது: “டேய் சிலிகானு!”

அந்தப் பேர் ஒட்டியது. என் மேல் ஒட்டிய ஒரே சாமான் அதுதான். இன்றைக்கு எனக்குக் கல்யாணமாகி, பக்கத்து சீட்டுக்கு உரிய ஆளும் வந்துவிட்டாள். காய்கறி வாங்க மறந்து வந்தால் என் கையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பாள். “நான் சொன்னது ஊறுதா, உருண்டுருச்சான்னு பாக்கேன்.” ஊரில் அம்மா முதற்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்தான்.

அன்று சாயங்காலம் சிரிப்பு வரவில்லை. யார் கதவும் இடித்துவிடக் கூடாதென்று காரை நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், பக்கத்தில் ஒரு வண்டிகூட இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தியிருந்தேன். வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். வேன் போன தூசி வந்து பானெட்டில் உட்கார்ந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

அவ்வளவு தூரத்தையும் ஓர் ஆள் நடந்து வந்தார். தணிகாசலம் அண்ணன். மேனேஜர் ரூமில் எனக்காகப் பேசப் போய், மாட்டிக்கொண்டு வேனை விட்டுவிட்டார்.

“வேலய வுட்டு தூக்கல. வண்டி நிக்கிற யார்டுக்கு மாத்திட்டாங்க. புது வண்டிக்கு பானெட்ல ஃபிலிமு ஒட்ற வேல. வக்கீலுகிட்டயே போய் சேந்துட்ட.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“அத வுடு. பேச ஆளு இல்லன்னா கேன்டீன்ல எங்க டேபிளாண்ட வந்து குந்த வேண்டிதான?”

“நீங்க யாரும் கூப்பிடலையேண்ணே.”

“சோறு துன்ன பத்திரிக அட்ச்சி வெப்பாங்களாடா?”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். லைன் நின்றதில் மதியம் அவர் சாப்பிடவே இல்லை. டப்பாவை என் பானெட்டின் மேல் டங்கென்று வைத்தார். கிரீச்சென்று சத்தம் வந்தது. என் பல் கூசியது. புளிச்சோற்றில் பாதியை மூடியில் எடுத்து வைத்து, எதிர்ப்பக்கம் நின்ற என்னை நோக்கி லேசாகத் தள்ளினார். மூடி எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்து என் கையில் முட்டியது.

“அட, நல்ல சாமானாத்தான்டா போட்டுகீற!” என்றவர், ஊறுகாயையும் அதே வழியில் தள்ளிவிட்டார்.