குமிழிக்குப் பூ கேட்டோம்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். உலகப் பொருளாதாரமே எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியின் வரப்பின்மேல்தான் நிற்கிறது என்பதற்கு இந்தத் தொகை சாட்சி. வயல்காரர் ஆனந்தகுமார் எனக்குத் தரவேண்டிய அறுப்புக் கூலி அது. சாதாரண முதலாளி என்றால் கையில் கொடுத்துக் கெடுத்திருப்பார். இவரோ 'சந்தை நிபுணர்'. தம் பணத்தோடு என் கூலியையும் பங்குச்சந்தையில் போட்டு, என்னைக் கேட்காமலே 'முதலீட்டாளர்' ஆக்கிவிட்டார்.

"ஏனுங்க தம்பி, மழைக்கு முன்னால ஊட்டுக்கு ஓடு மாத்தோணும். காசு எப்பங்க கெடைக்கும்?"

"சந்தை குமிழியாட்டம் ஊதிக் கெடக்குதுங்கண்ணா. அது உடையறதுக்கு மொத நாள் வித்துப்போடலாம்."

"என்னைக்கு உடையுமுங்க?"

"அதைத்தான் உலகமே ஆராயுது."

உலகம் நிதானமாக ஆராயட்டும் என்று நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாரியாத்தா கோயிலில் பூ கேட்டோம். இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் செவ்வரளி. வெள்ளை வந்தால் விற்கலாம்; சிவப்பு வந்தால் பொறுக்க வேண்டும். பொட்டலம் மடிக்கும் 'தொழில்நுட்பப் பொறுப்பை' நிபுணரே ஏற்றார். என் மனைவி கருப்பாத்தாள் எடுத்தாள். சிவப்பு. அடுத்த வெள்ளியும் சிவப்பு. அதற்கடுத்த வெள்ளியும் சிவப்பு.

அன்று அவள் சும்மா இருக்காமல் மீந்த பொட்டலத்தையும் பிரித்துவிட்டாள்.

"ஏந்தம்பி, இதுலயும் செகப்புத்தான இருக்குது!"

"ரெட்டை உத்தரவுங்கக்கா. ஆத்தா அத்தனை உறுதியாச் சொல்றா."

"சொல்றது ஆத்தாளா, பொட்டலம் மடிச்ச கையா?"

நான் அவளை அதட்டி அடக்கினேன். ஒரு நிபுணரைச் சந்நிதியில் வைத்தா கேள்வி கேட்பது?

அடுத்த திங்கட்கிழமையே குமிழி உடைந்தது. அந்த வாரமே மழையும் பிடித்தது. ஒழுகும் இடமெல்லாம் கருப்பாத்தாள் சட்டி வைக்க, சட்டி போதாமல் போனதும் நான் நனைந்தபடி நிபுணர் வீட்டுக்கு ஓடினேன். ஆனந்தகுமார் புது டிராக்டருக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்.

"எங்க காசுங்க?"

"அது போச்சுங்கண்ணா. ஆத்தா உத்தரவை மீற முடியுங்களா? கணக்கு நேராயிப்போச்சு. இனி நானும் தரவேண்டாம், நீங்களும் தரவேண்டாம்."

நானும் தரவேண்டாமாம்! என்ன பெருந்தன்மை!

"அப்ப உங்க காசுங்க?"

"அதைக் கடைசியாப் பூ கேட்ட வெள்ளிக்கிழமையே வித்துட்டேனுங்க."

கடன் அத்தோடு தீர்ந்தது. குமிழி உடையும் நாளை இத்தனை துல்லியமாய்க் கணித்த மேதை எங்கள் ஊரில் வேறு யாருமில்லை. ஆத்தாளுக்கு வீண் தொந்தரவு கொடுப்பவரும் அல்லர். தம் காசுக்கு மட்டும் அவர் பூ கேட்கவே இல்லை.