டிரோன் வருது, உள்ள போங்க

பிறர் ரகசியத்தைக் காப்பாற்றுவேன் என்று சத்தியம் செய்கிறவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காட்டிக்கொடுக்கிறவனாவது ஒருவரிடமோ இருவரிடமோதான் சொல்வான். நான் காப்பாற்றிய ரகசியத்தை ஸ்ரீராம்புரமும் சந்தாபுராவும் ஒரே நேரத்தில் பார்த்தன.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்தோம். பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன், போர்வெல் லாரியில் ராய்ச்சூர் வரை சுற்றினேன், ஓசூரில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் கொசு குறைவு என்று கேட்டால் இன்றும் சொல்வேன். கடைசியில் ஸ்ரீராம்புரத்தில் அக்கா வீட்டில் வந்து ஒதுங்கினேன். ஒரு கல்யாண ஸ்டுடியோவில் லைட் பிடிக்கும் வேலை கிடைத்தது. அதன் முதலாளி திடீரென்று ஞானம் வந்து பேக்கரி வைக்கப் போனார். போகும்போது பழைய டிரோனையும் அதை ஓட்டும் போனையும் என் கையில் கொடுத்து, "பொழச்சிக்கோ" என்றார். போனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கரகம் எடுக்கும் பாக்கியம் மாமாவுக்குக் கிடைத்தது. மாமா என்றால் அக்காவின் கணவர். பல வருஷமாகக் கமிட்டியிடம் கெஞ்சி வாங்கிய பாக்கியம். அவர் சந்தாபுராவில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். லீவு கேட்டதற்கு மேனேஜர், "கரகமா? அந்த மாதிரி பண்டிகை நம்ம காலண்டர்லயே இல்லையேப்பா" என்றாராம். காப்பு கட்டியவர் பின்வாங்க முடியுமா? மறுநாள் மாமாவுக்குக் கால் முறிந்தது. அதாவது, முறிந்ததாகப் போனில் சொன்னார். நம்பிக்கைக்காகக் கட்டுப் போட்ட காலின் போட்டோவும் போனது. (கட்டுப் போட்ட டாக்டர் நான்தான். துணி, அக்காவின் வெள்ளைப் பாவாடை.)

கரகத்தை டிரோனில் படம் பிடிக்கும் பொறுப்பைக் கமிட்டி என்னிடம் விட்டிருந்தது. அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "தம்பி, உன் கொசுவ நல்லா பறக்கவுடு, வேணாங்கல. ஆனா மாமா மூஞ்சி இந்தத் தெருவைத் தாண்டக் கூடாது. அவருக்கு வேலை போச்சுன்னா உனக்கும் சேத்துதான் சோறு போவும். வெளங்குதா?"

"என்னக்கா, என்னை நம்ப மாட்டியா?" என்றேன். அவள் அடுத்த வெங்காயத்தை நறுக்கப் போய்விட்டாள்.

தகவல் பாதுகாப்பு பற்றி ஒரு வீடியோவைப் பாதி பார்த்திருந்தேன். அந்தப் பாதியை வைத்து இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். படம் பதிவாகும் மெமரி கார்டு, பறந்து முடிந்ததும் அக்காவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் போய்விடும். அடுத்தது, பறப்பதற்கு முன்னால் கோயில் ஆட்டோவில் மைக் கட்டி நானே தெருத்தெருவாக அறிவிப்பேன்: "இன்னும் கொஞ்ச நேரத்துல டிரோன் வருது! படத்துல வர இஷ்டமில்லாதவங்க மாடியைவிட்டு உள்ள போங்க!" (போலீஸ் அனுமதி வாங்கியாச்சா என்று கமிட்டி என்னைக் கேட்கவில்லை. நானும் கமிட்டியைக் கேட்கவில்லை. ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை.)

அறிவிப்பின் பலன் உடனே தெரிந்தது. அதுவரை காலியாக இருந்த மாடிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. பட்டுப்புடவைகள், கூலிங்கிளாஸ்கள், பவுடர் போட்ட குழந்தைகள். ஒருவர் தன் கிளிக்கூண்டோடு ஏறி நின்றார். உள்ளே போனது ஒரே ஒருத்தர். எதிர்வீட்டு ஜோதியக்கா. போய்க் கதவையும் சாத்திக்கொண்டார்.

பம்பை முழங்கியது. மாமா தலையில் பூக்கரகத்தோடு இறங்கினார். டிரோனைப் பார்த்ததும் அவருக்குள் அம்மனோடு வேறு யாரோ சேர்ந்து இறங்கிவிட்டார்கள். சுற்றினார், குதித்தார், இடது காலை மட்டும் ஊன்றி வட்டமடித்தார். நடுவில் காற்று அடித்து டிரோன் ஜோதியக்கா ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். போன் திரையின் ஓரத்தில் சிவப்பு இதயங்கள் மிதந்து மேலே போய்க்கொண்டிருந்தன. டிரோனுக்குக்கூட அம்மன்மேல் இவ்வளவு பக்தியா என்று உடம்பு சிலிர்த்தது.

கரகத்தை இறக்கி வைத்துவிட்டு மாமா கோயில் வாசலில் உட்கார்ந்தபோது அவர் போன் அடித்தது. அக்காதான் வைத்திருந்தாள். சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் பம்பைக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

"முருகேசா, கால் எப்படிப்பா இருக்கு?" மேனேஜர், கன்னடம் கலந்த தமிழில்.

மாமா கண்ணை மூடி வலியை வரவழைத்தார். "அசைக்கவே முடியல சார். படுத்தே கெடக்கறேன்."

"அய்யோ பாவா. எந்தக் கால்?"

"இடது கால் சார்."

"நோடப்பா, அதுலதானே நீ பம்பரம் மாதிரி சுத்தினே! குடோன் பூரா லோடிங் நிறுத்திட்டு பாத்துச்சு. நம்ம டிரைவர் கல்யாணம் எடுத்தாங்களே அந்த ஸ்டுடியோ, அவங்க பேஜ்ல லைவ் ஓடுது. இப்பவும் ஓடுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். பழைய முதலாளியின் கணக்கு அப்படியே திறந்திருந்தது. டிரோனைக் கிளப்பினால் தானாகவே ஒளிபரப்பும்படி அவர் எந்தக் கல்யாணத்துக்கோ செய்துவைத்த ஏற்பாடு. நான் சட்டைப்பையைத் தொட்டுக்காட்டி, "அக்கா, கார்டு என்கிட்ட பத்திரமா இருக்கு, எங்கயும் போகல" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜோதியக்கா தலையில் துண்டோடு வந்தார். துண்டுக்குக் கீழே கறுப்பாக ஏதோ நெற்றியில் வழிந்தது. "உள்ள போன்னு சொன்ன, போனேன். அப்புறம் ஜன்னல்ல வந்து இன்னாடா எட்டிப்பாத்த? நான் டை அடிக்கறது எங்க வூட்டுக்காரருக்கே தெரியாதுடா, பேமானி!"

மற்ற மாடிக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். "யாரைக் கேட்டுடா எங்களை லைவ்ல போட்ட?" என்று கொதித்தார்கள். கொதித்து முடித்ததும் ஒவ்வொருவராகத் தனியே வந்து, "அந்த லிங்க்கை அனுப்பு" என்றார்கள். கிளிக்காரர் மட்டும் கிளி சரியாகத் தெரியவில்லை என்று இரண்டாவது முறையும் கோபப்பட்டார்.

அன்று லைவை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். பழைய கணக்கை முழுசாக அழித்துவிட்டுப் பறக்க வேண்டும் என்ற அறிவு, ஈரப் போனை அரிசி டப்பாவில் புதைத்தபோதுதான் வந்தது.

மாமாவுக்கு வேலை போகவில்லை. மேனேஜருக்கு ஆட்டம் பிடித்துவிட்டதுதான் காரணம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குடோன் வாசலில் மாமா தலையில் அட்டைப்பெட்டியோடு ஆட வேண்டும். லீவு வேண்டுமானால் வீடியோ காலில் இரண்டு காலையும் தூக்கிக் காட்ட வேண்டும். காப்பு கட்டி ஆடியவரை இப்படி ஆடவிட்டது நான் என்பதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதற்குத்தான் அக்கா இருக்கிறாளே.

எங்கள் வீட்டில் இப்போது யாராவது பொய் சொல்ல ஆரம்பித்தால் ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை. மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தபோது பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு சிகரெட் பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். "சேச்சே" என்றேன். அக்கா அண்ணாந்து பார்த்தாள். மாமாவும் பார்த்தார். என்ன ஏது என்று தெரியாமல் பெண் வீட்டார் மொத்தமும் பார்த்தார்கள்.

"சாப்பிட்டதும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.