கடைசிச் சுற்றில் ரொட்டித் தம்பி

“அந்த ரொட்டித் தம்பி பந்து நல்லா ஆடுவானாமே?” என்று அலுவலக ஸ்டோர்காரர் கேட்டதும், கணக்கர் டீயை டம்ளரோடு அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஆட்டக்காரர்களைப் பங்கு போடும் நாள். ஊர்க் கால்பந்து லீகில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களை அலுவலகத்தில் எட்டுப் பேர் முறை வைத்துத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் தொட முடியாது. அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கோல் போட்டால், எடுத்தவருக்குப் புள்ளி.

கடைசியில் வருகிறவருக்குத் தண்டனை உண்டு. மேலாளர் கிளை அலுவலகங்களைப் பார்க்கக் கிளம்பும்போது காரில் கூடப் போக வேண்டும். மேலாளர் தங்கமான மனிதர்தான். ஆனால் வழியெல்லாம் பாடுவார். பாடிவிட்டு, “எப்படி?” என்று வேறு கேட்பார். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் அதற்குப் பதில் சொன்ன பாவி கணக்கர்தான்.

இந்த முறை அவர் கையில் ஒரு புதையல் இருந்தது. கேன்டீனுக்கு ரொட்டித் தட்டுகளைச் சுமந்து நாலு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறுகிற ரொட்டித் தம்பி, லீகில் ஒரு அணிக்குப் பேருக்கு மாற்று ஆட்டக்காரன். யாரும் சீந்தாத ஆள். ஒரு மாலை அவன் பயிற்சியில் பந்தைக் கொண்டுபோன அழகைப் பார்த்துவிட்டுக் கணக்கர் வீடு வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். அந்தப் புதையலில்தான் இப்போது ஸ்டோர்காரர் மண்வெட்டியை வைக்கிறார்.

“யாரு, அவனா? அட போங்கண்ணே! அவனுக்கு முட்டியே சரியில்ல. சீக்கிரம் ஆட்டத்தையே விட்டுடுவான் போல.”

“அடப்பாவமே!”

ஸ்டோர்காரர் வாயில் எதுவும் தங்காது. மறுநாள் காலை டைப்பிஸ்ட் அம்மா கணக்கரிடமே வந்து, “விஷயம் தெரியுமா சார்? ரொட்டித் தம்பிக்கு ஆபரேஷனாம்” என்றார். கணக்கர் உச்சுக் கொட்டினார்.

மதியம் கடைசிச் சுற்று வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, “பாவம் பாத்து எடுக்கறேன்” என்று ரொட்டித் தம்பியின் பெயரைச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் உள்ளுக்குள் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனால், ரொட்டித் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறும் அதே பெஞ்சு.

“முட்டி வலியாம். எனக்கே வெளியில இருந்துதான் தெரிய வருது” என்று கோச் யாரிடமோ அலுத்துக்கொண்டார்.

கணக்கர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுந்தார். நேரே கோச்சிடம் போனார்.

“அவன் முட்டிக்கு ஒண்ணும் இல்லைங்க.”

“நீங்க யாரு?”

“நான்... அவனுக்குச் சித்தப்பா.”

“சித்தப்பாவே சிபாரிசுக்கு வர்றீங்களா? வீட்டு ஆளுங்களே வலிய மறைச்சு ஆட வச்சா, புள்ள கால் என்னத்துக்கு ஆகும்? இனி அவன் பெஞ்சுலகூட உக்கார வேணாம். வீட்டுல படுத்து ஓய்வு எடுக்கட்டும்.”

அலுவலகத்திலாவது சரிக்கட்டலாம் என்று, “முட்டி இப்ப தேவலையாம்” என்று சொல்லிப் பார்த்தார். “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சா!” என்று டைப்பிஸ்ட் அம்மா மகிழ்ந்துபோய், அவனை மாடி ஏற விடாதீர்கள் என்று பேக்கரிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியபடி ரொட்டி கொண்டுவந்தது வேறொரு ஆள்.

“தம்பி எங்கே?”

“கடையில சும்மா உக்காந்திருக்கான். முதலாளி அவன் வேலைக்கு வேற ஆள் பாக்கறார்.”

அன்று கணக்கருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

“ஏங்க, உங்க விளையாட்டுக்கு ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!”

“அவனாவது வாயத் தொறந்து, எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லலாமில்ல? தலையக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கான்.”

“பயந்த புள்ளையா இருக்கும். நீங்க போய் உண்மையச் சொல்லுங்க. மேலாளர் பாட்டு என்ன, உயிரையா எடுத்துடும்?”

எடுத்துவிடும் என்றுதான் கணக்கருக்குத் தோன்றியது. ஆனாலும் லீகின் கடைசி ஞாயிறன்று பேக்கரிக்குப் போய், முதலாளியிடம் தனியே உண்மையைச் சொல்லித் தலை குனிந்து நின்று, ரொட்டித் தம்பியைக் கையோடு மைதானத்துக்கு அழைத்து வந்தார். எதற்கு என்று அவனிடம் சொல்ல மட்டும் நா எழவில்லை. அவனும் கேட்கவில்லை.

கோச்சைத் தனியே ஒதுக்கினார். “ஐயா, முட்டி வலின்னு கதை கட்டினது நான்தான்.”

“போன தடவ சித்தப்பான்னீங்க?”

“அதுவும் கதைதான்.”

கோச் கையை ஓங்கியே விட்டார். அதற்குள் எதிரணி இரண்டாவது கோலைப் போட்டுவிட்டது. அடிக்க நேரமில்லாததால், “டேய், உள்ளே போடா!” என்று ரொட்டித் தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்து நடந்ததைக் கணக்கர் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். பெஞ்சில் அடைத்து வைத்த ஆத்திரமெல்லாம் காலில் இறங்கியவன் போல அவன் ஆடினான். மூன்று கோல். அணி ஜெயித்தது. கணக்கர் கடைசிக்கு முந்தைய இடத்துக்கு ஏறினார். கடைசி இடம் ஸ்டோர்காரருக்குப் போனது. காதில் வைத்துக்கொள்ள அவர் இப்போதே பஞ்சு வாங்கிக்கொள்ளட்டும்.

ஆனால் நெஞ்சில் ஒரு முள் பாக்கி இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்த ரொட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, என்னை மன்னிச்சிடுப்பா. உன்னை வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு, முட்டி வலின்னு புரளியக் கிளப்பினது நான்தான்.”

அவன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

“நீங்களுமா சார்? எங்க பேக்கரியிலயும் ஆள் எடுக்கற இதே ஆட்டம் ஓடுது. என்னை நானே கடைசிச் சுற்றுல எடுத்துக்கணும்னு நானும் அதையேதான் சொல்லி வச்சிருந்தேன்!”