உதாரணத்துக்கு ஒரு பெண்

"சார், போர்டுல இருக்கற அந்தப் பொண்ணு யாரு?" என்று நர்ஸ் கேட்டபோதுதான், தான் எழுதியதை இங்கிலீஷ் வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

'அவள் ஒருமுறை சிரித்தால் நான் வீட்டுக்குப் போகும் வழியை மறந்துவிடுவேன்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து அவருடையதுதான்.

"யாரும் இல்லம்மா, உதாரணம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எடுத்துச் சொல்லணும், அதுதானே பாடம்? மாத்துங்க."

மாலை வகுப்பு அது. எல்லாரும் வேலை முடித்துக் கொட்டாவியோடு வருபவர்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டைப்ரைட்டிங் வகுப்பு. கட்டினால் அந்த டைப் டீச்சரைத்தான் என்று வாத்தியார் தனக்குத்தானே முடிவுசெய்து வருஷமாகிறது. டீச்சரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. தட்டச்சுச் சத்தம் மழை மாதிரி பெய்துகொண்டே இருக்கும். அதில் நனைந்தபடி இவர் பாடம் நடத்துவார். தடுப்பு கூரை வரை போகவில்லை என்பது நடத்தும்போது மட்டும் மறந்துபோகும்.

"'அவ' யாருன்னு தெரிஞ்சாத்தானே சார் மாத்த முடியும்?" என்றார் பஸ் டிரைவர்.

வாத்தியார் அவசரமாக 'அவள்' என்பதை அழித்து, 'பக்கத்து அறை டீச்சர்' என்று எழுதினார். எழுதிய பிறகுதான் உறைத்தது.

வகுப்பில் கொட்டாவி நின்றது.

"இது சும்மா கற்பனைங்க" என்று 'சிரித்தால்' என்பதைச் 'சிரித்திருந்தால்' ஆக்கினார். "இப்போ நடக்காமப் போன விஷயமாயிடுச்சு."

"ஐயோ பாவம். அவங்க சிரிக்கவே இல்லையா சார்?" என்றார் நர்ஸ்.

"சிரிச்சாங்க. போன வெள்ளிக்கிழமை, மாடிப்படியில. குடையைத் தேடிக்கிட்டு..."

வாத்தியாரின் குரல் எங்கோ போய்விட்டது. ஜன்னல் வழியே வந்த அந்தி வெயிலில் சாக்பீஸ் தூள் மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வழி மறந்துச்சா சார்?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன்."

"என் பஸ்தான்" என்றார் டிரைவர். "அன்னிக்கு டூட்டி, கிளாஸுக்கு வரலை. நான்தான் தோளைத் தட்டி இறக்கி விட்டேன்."

இதற்கு மேலும் உதாரணம் என்று சாதிக்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். வாத்தியார் சாதித்தார்.

"இந்த மாதிரி வாக்கியத்துல ஒரு வசதி. எத்தனை வாய் மாறினாலும் காலம் மாறாது. நடக்காத ஆசை அப்படியே இருக்கும்" என்றார் உரக்க.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

வாத்தியார் தடுப்பை நிமிர்ந்து பார்த்தார். இனி அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

"நீங்க கொஞ்சம் போய்ச் சொல்லிடுங்கம்மா" என்று நர்ஸிடம் கெஞ்சினார். "வெறும் பாடம்தான், மனசுல ஒண்ணுமே இல்லைன்னு சார் சொன்னார்னு."

"அது பொய்யாச்சே சார்."

"பொய்யா இருந்தா என்ன, எடுத்துச் சொல்றதுதான் பாடம்."

நர்ஸ் எழுந்தார். அவருக்கு முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து கடிகார ரிப்பேர்க்காரர் எழுந்துவிட்டார். சேர்ந்த நாளிலிருந்து ஒரு பயிற்சிக்கும் வாய் திறக்காதவர்.

"அவங்க உக்காரட்டும் சார், நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்றார். "மெஷின் சத்தத்துல பாதிதான் காதுல விழுது, நீ போய் உக்காந்து முழுசாக் கேட்டுட்டு வந்து சொல்லுன்னு, பீஸ் கட்டி என்னை இங்க சேர்த்துவிட்டதே அந்த டீச்சர்தான், எங்க அக்கா."