அலறலாரின் அலறாத படம்

படம் முடிந்தது, விளக்கைப் போட்டார்கள், பேய் வரவே இல்லை.

அலறலார் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி ஐம்பது நிமிஷப் படம். பன்னிரண்டு காட்சிகளில் அறையின் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய பேய், ஒன்றில்கூட இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் காணோம் என்றால் தேடுவதற்கு நாலு பேராவது கிளம்புவார்கள். இங்கே காணாமல் போனதே அவரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

நாற்பது வருஷத்தில் இருபத்தேழு பேய்ப்படம் எடுத்த மனிதர் அவர். அவர் படத்தில் கதவு திறந்தால் அலறல், மூடினால் அலறல், பால் பொங்கினால்கூட அலறல். அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் அவருக்கு அலறலார் என்று பெயர் வைத்தார்கள். சரக்கு மட்டம், விற்பனை அமோகம். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் “எலெக்ட்ரிக்கல்” என்று சொல்லி வைத்திருந்தாள். மனைவி ஒவ்வொரு படத்தின் முதல் காட்சிக்கும் கூடவே வருவாள். ஆனால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். இருபத்தேழு ஸ்வெட்டர் ஆகிவிட்டது.

“இருபத்தெட்டாவதுதான் கடைசி. இதை மட்டுமாவது நீ உள்ள உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எடுக்கறேன்” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கொடுத்த வாக்குக்குத் தக்கபடி அடக்கமான கதை. புருஷனை இழந்த ஒரு டீச்சர். வீட்டு மூலையில் அவன் நாற்காலி. அதில் அவன் ஆவி, தலை முதல் கால் வரை சாம்பல் நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துவாள், துணி மடிப்பாள், பல்லியை விரட்டுவாள். அது பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். ஒரு அலறல் கிடையாது.

எடுத்ததும் பழைய முறையில், பிலிமில். கேமராவை அசைக்காமல் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தடவை எடுப்பது: ஒரு தடவை பேயோடு, ஒரு தடவை வெறும் நாற்காலியோடு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பதித்தால், மூச்சுப்பட்ட கண்ணாடி மாதிரி பேய் லேசாகத் தெரியும்.

பேய் வேஷம் வழக்கம்போல் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. இருபத்தேழு படத்திலும் அவன்தான் பேய். ஒரு படத்திலும் அவன் முகம் தெரிந்ததில்லை. அவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால், துணியைப் போர்த்திய பிறகு செட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அலறலார் கட்டளை போட்டிருந்தார். ஆச்சரியம், கேட்டான். மூக்கைச் சொறியாமல், தும்மாமல், பன்னிரண்டு நாளும் அப்படியொரு உட்காரல். அந்த நடிப்புத்தான் இப்போது படத்தில் இல்லை.

அலறலார் குனிந்து, முன்வரிசையில் இருந்த எடிட்டரின் காதைப் பிடித்தார்.

“டேய், பேய் எங்கடா?”

எடிட்டர் காதை விடுவித்துக்கொண்டார். “சார், லேப்லேர்ந்து பிலிம் கழுவி வந்ததுல ரெண்டுமே வெறும் நாற்காலிதான் சார் இருந்துச்சு.”

“அவனுங்க ஒண்ணையே ரெண்டு தடவை பிரிண்ட் போட்டு அனுப்பியிருப்பானுங்க. நீ கேட்க வேணாமா?”

“நீங்க குடலிறக்க ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தீங்க. போன படத்துல ஒரு சந்தேகம் கேட்டதுக்கே பேப்பர்வெயிட்டைத் தூக்கி எறிஞ்சீங்க. சரி, சார் ஏதோ புதுசா யோசிச்சிருக்காருன்னு விட்டுட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “லேப்ல சொல்லி சரியான ரீலை வாங்கிடலாம் சார். பத்து நாள்ல பேயை உள்ள உட்கார வெச்சுடறேன்.”

“செய்” என்று அலறலார் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒரு கை அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. பத்திரிகை விமர்சகர். போன படத்துக்கு ‘இதில் பயமுறுத்துவது தியேட்டர் கழிப்பறை மட்டுமே’ என்று எழுதிய அதே புண்ணியவான். இன்று அவர் கண் கலங்கியிருந்தது.

“சார், பேயைக் காட்டவே இல்லையே! அந்த வெறும் நாற்காலி... என்ன அடக்கம் சார்! எப்படித் தோணிச்சு?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தைகூடச் செலவாகாது. ஆனால் நாற்பது வருஷமாகப் பாராட்டே விழாத காதில் முதல் பாராட்டு விழுந்திருக்கிறது. எவன் திருப்பிக் கொடுப்பான்?

“வயசாச்சு இல்லையா... தானா தோணும்” என்றார் அலறலார். சொன்ன வாய் கூசியது.

அடுத்து மனைவி வந்தாள். கையில் ஸ்வெட்டர் இல்லை.

“முழுசா பார்த்தேங்க. கண்ணையே மூடல.” அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “இதை முன்னாடியே எடுத்திருக்கக் கூடாதா? நாப்பது வருஷம் வராந்தாவுல உட்கார வெச்சீங்களே.”

அதோடு தீர்ந்தது. இனிமேல் எந்த ரீலும் வரப்போவதில்லை. எடிட்டரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். எடிட்டருக்கும் அதுதான் நிம்மதி.

மிச்சம் இருந்தது மச்சான். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாவம், எந்த மனுஷனுக்குத்தான் தாங்கும்? அலறலார் பக்கத்தில் போய் அவன் தோளில் கைவைத்தார். அவன் துள்ளி விழுந்தான்.

“மச்சான், வருத்தப்படாத. நீ படத்துல இருக்க. ஆனா ரொம்ப லேசா. ரொம்ப ரொம்ப லேசா.”

மச்சான் அவரை ஒரு கணம் பார்த்தான். “ஆமா மாமா” என்றான் அவசரமாக. “பார்த்தேன், பார்த்தேன். நல்லாவே தெரியுது.”

பொய்யைக் கொண்டுபோய் விற்கப் போனவருக்கு, பேரமே பேசாமல் வாங்கிக்கொள்ளும் ஆள் கிடைத்தால் உறுத்தத்தான் செய்யும். அலறலாருக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலோடு வீட்டுக்குப் போக விடாமல், பின்னாலிருந்து விமர்சகரின் குரல் கேட்டது.

“என்னது, பேய் இருக்கா?”

அலறலார் திரும்பினார். இல்லை என்றால் மச்சான் மனசு உடையும். உண்டு என்றால் விமர்சகருக்குக் கண் இல்லை என்றாகும். மச்சான் சொந்தம், விமர்சகர் அந்நியர்.

“கவனிச்சுப் பார்க்கறவங்களுக்குத் தெரியும்” என்றார்.

விமர்சகர் முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாயங்காலமே தனியாக இன்னொரு தடவை படத்தைப் போடச் சொல்லிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘பேய் ஏழு இடங்களில் இருக்கிறது, அவசரக்காரர்களுக்கு அல்ல’ என்று எழுதிவிட்டார்.

அதைப் படித்த மறுநாள், வேறொரு பத்திரிகைக்காரர் ஒன்பது இடம் என்றார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் பதினோரு இடம் என்று படம் வரைந்து அம்புக்குறி போட்டார். தயாரிப்பாளர் குதித்துக்கொண்டு ஓடிவந்து, ‘நீங்கள் எத்தனை இடத்தில் பார்த்தீர்கள்?’ என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார். ஒரு தடவை பார்த்துத் தெரியாதவர்கள், தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு இரண்டாம் தடவை வந்தார்கள். இரண்டாம் தடவையும் தெரியாதவர்கள், பார்த்துவிட்டதாகச் சொல்லி மூன்று பேரை அனுப்பிவைத்தார்கள். இப்படி ஒரு வியாபாரம் அலறலார் அலறிய காலத்தில்கூட நடந்ததில்லை.

வீட்டில்தான் சிக்கல் முற்றியது.

“என் தம்பி எங்கேங்க இருக்கான்?” என்றாள் மனைவி, நாலாவது தடவை பார்த்துவிட்டு வந்து. “எல்லாரும் பார்த்தாங்களாம். கூடப் பிறந்தவ எனக்குத் தெரியலயே.”

“அந்தத் துணி மடிக்கிற சீன்ல பாரு. மூலையில.”

“மூலையைத்தான் பார்த்தேன்.”

“மூலைக்குக் கொஞ்சம் இடதுபக்கம்.”

ஐந்தாவது தடவை போய் இடதுபக்கம் பார்த்தாள். அங்கே ஒரு பீரோதான் இருந்தது. மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரியில் இருந்த எறும்பளவு எழுத்தைக்கூட அவள் கடகடவென்று படித்தாள்.

“கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. எதுக்கு வந்தீங்க?”

“அந்தப் படத்துல பேய் தெரியல டாக்டர்.”

டாக்டர் விளக்கைக் கீழே வைத்தார். “அதுவா தெரியல? எனக்கே பளிச்சுன்னு தெரிஞ்சுதே!” மறுபடி அவள் இமையை விரித்துப் பார்த்துக் கவலையோடு தலையை ஆட்டினார். “எதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

நல்ல கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிய மனைவி, வெளியே வந்ததும் படிக்கட்டில் தடுமாறினாள். அலறலார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வயசாயிடுச்சு போலிருக்குங்க” என்றாள் அவள் சின்னக் குரலில். “இத்தனை வருஷம் கழிச்சு நீங்க எனக்காக ஒரு படம் எடுத்தீங்க. அதைப் பார்க்கற கண்ணு எனக்கு இல்லாமப் போச்சே.”

இருபத்தேழு படத்தில் எத்தனையோ பேரைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார் அலறலார். தன் கழுத்து நெரிபட்டால் எப்படி இருக்கும் என்று அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்துகொண்டார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தார். படி முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் விருது அறிவித்தார்கள். அவருக்கு இல்லை. சிறந்த துணை நடிகர் விருது, மச்சானுக்கு. ‘தன்னை முற்றிலும் மறைத்துக்கொண்ட நடிப்புக்காக’ என்று காரணமும் போட்டிருந்தது.

விழா நடக்கும் மண்டபத்தில், மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மச்சான் வாடகைக் கோட்டில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். கால்சட்டை நீளமாக இருந்ததால் தையல்காரர் தரையில் மண்டியிட்டு, வாய் நிறைய குண்டூசியோடு விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டுப் படத்துக்கும் பேய்த்துணி தைத்தவர் அவர்தான். மனைவி புதுக் கண்ணாடி வழியாகத் தம்பியின் டையை மூன்று தடவை தப்பாகக் கட்டிவிட்டாள்.

“மாமா, நான் மேடைக்குப் போகல” என்றான் மச்சான். “காய்ச்சல்னு சொல்லிடுங்க.”

“ஏன்டா? முகம் தெரியணும்னு இருபத்தேழு படமா அழுதியே!” என்றாள் அக்கா.

அவன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க அலறலாரால் முடியவில்லை. இல்லாததைப் படத்தில் காட்டி ஏமாற்றுவது தொழில். நடித்தவனை இல்லாமலாக்கிவிட்டு, இருக்கிறாய் என்று சொல்லி மேடையேற்றுவது என்ன பிழைப்பு? கதவைச் சாத்தினார்.

“ரெண்டு பேரும் கேளுங்க. படத்துல பேயே இல்ல.”

மனைவி டையை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“லேப்காரனுங்க வெறும் நாற்காலியை ரெண்டு தடவை பிரிண்ட் பண்ணிட்டானுங்க. சரி பண்ணியிருக்கலாம். ஒருத்தன் பாராட்டினான், பல்லை இளிச்சுட்டேன்.” மனைவியின் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்தார். “உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான் புளுகினேன். அடக்கமான படம் எடுக்கற யோக்கியதை எனக்கு என்னைக்கும் இருந்ததில்ல.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அஞ்சு தடவை போனேன்” என்றாள். “ஒரு தடவையாவது தடுத்திருக்கலாமில்ல?”

அவர் தரையைப் பார்த்தார்.

பதில் மச்சானிடமிருந்து வந்தது, ஏறக்குறைய அழுகையாக.

“மாமா, நீங்க மட்டும் புளுகலீங்க. முதல் நாள் காலையில குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பன்னெண்டு நாள் எழுந்திருக்கவே முடியல. உங்க கடைசிப் படம்... வரலேன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? எப்படியும் முகம் தெரியாத வேஷம். என் உசரம், என் அகலம், நம்ம தையல்காரரை அனுப்பிட்டேன். நடிச்சது நான் இல்ல மாமா.”

அலறலார் அவனைப் பார்த்தார். தரையில் மண்டியிட்டிருந்த தையல்காரரைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார். மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வராமலிருக்க உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

“அதானே பார்த்தேன்! இவனாவது பன்னெண்டு நாள் வாயை மூடறதாவது!” தையல்காரரைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். “யோவ், நாப்பது வருஷத்துல அப்படி ஒரு உட்காரலை நான் பார்த்ததில்லய்யா. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். படத்துல விழாட்டி என்ன? இந்த விருது உனக்குத்தான். வா, மேடையில எல்லாத்தையும் சொல்லிடுவோம். என் மானம் போனா போகட்டும்.”

வெளியே ஒலிபெருக்கியில் மச்சானின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைத்தட்டல் கிளம்பியது.

தையல்காரர் நகரவில்லை. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் குத்தினார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

“மன்னிச்சுடுங்க ஐயா, தினமும் நான் வந்து எட்டிப் பார்க்கறப்போ, இவரே இடுப்பு சரியாகி வந்து துணியைப் போத்திக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருக்காருன்னு நினைச்சு, மத்தியானச் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”